கையில் வாங்கிய சம்பளம்

யோங்சிக்கின் அப்பாவுக்கு, சியோலிலிருந்து உங்கள் மனைவி ஒக்பூன் வணங்கி எழுதுவது. இருமல் குறைந்ததா? நான் சுகம்.

உங்களைச் சீனாவிலிருந்து இங்கே அழைத்துக்கொள்ள என் வருமானத்தைக் காட்ட வேண்டுமாம். குடியேற்ற ஆபீசுக்குப் போனேன்.

"பாட்டி, வரி கட்டின சம்பளந்தான் கணக்கு. கையில வாங்கினது செல்லாது," என்றான் ஆபீசர் பையன்.

"அப்போ ஒன்பது வருஷமா கடையில சூப்பு காய்ச்சினது பேயாப்பா?" என்று கேட்டேன். பாவம், என் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தான்.

கடை முதலாளியம்மாவிடம் வரிக் கணக்கில் என் பேரைப் பதியச் சொன்னேன். "பதிஞ்சா, இத்தனை வருஷம் மறைச்சதுக்கு எனக்கு அபராதம் வரும் அக்கா. இந்த வயசுல வேற எவன் உங்களுக்கு வேலை குடுப்பான்?" என்றாள். நான் கெஞ்சவில்லை. அவள் சொன்னதும் நிஜம்தான்.

காய்ந்த காளான் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் வாசமே இல்லை. அடுப்பு மூட்ட நேரமாகிவிட்டது.

பயணத்துக்கென்று பெட்டியில் கட்டி வைத்திருக்கும் கம்பளிக் கோட்டை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே யான்பியனில் பனி விழ ஆரம்பித்திருக்கும்.