கார்டா, ரேமா

14.3.06 செவ்வாய்

காலையிலயே வெயில் சுள்ளுனு. பதினோரு நாள் கழிச்சு குழாய்ல தண்ணி. "கொடத்தத் தொட்டீன்னா பாரு"னு அம்மா. டியூப்பை மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டிரம் ரொம்பி வழிஞ்சது. வழியுதுனு தெரியுது. எடுக்கத் தோணல. பக்கத்து வீட்டு அக்கா வந்து எடுத்து அடுத்த டிரம்ல போட்டுச்சு.

ஆபரேஷன் ஆகி 32 நாள். தையல் ஆறிருச்சு. அரிப்பு மட்டும்.

நான் வேலை பாக்குற கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து போன். ஏப்ரல்ல லீவு பேட்ச் ஆரம்பிக்குதாம், பேசிக் கிளாஸ் எடுக்க ஆள் இல்லையாம். "வந்துருவீங்கல்ல மேடம்?" பாக்குறேன்னேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் சேவியர் சாப்பிட வந்தார். அவர் வேலை பாக்குற பம்புசெட் கடையில கூட்டமாம். கிணறெல்லாம் எறங்கிப் போய் எல்லாரும் பெரிய மோட்டாராக் கேக்குறாங்களாம். இதை அம்மாகிட்ட சொன்னார், என்கிட்ட இல்ல. கை கழுவிட்டுத் துண்டுல துடைச்சுக்கிட்டே நின்னார். அப்புறம்,

"ரோசு, கார்டு போடலாமா, ரேம் போடலாமா?"

சாப்டியா, மாத்திரை போட்டியா. இது ரெண்டும் இல்லாம அஞ்சாறு நாள்ல அவர் பேசின மொத வார்த்தை.

ஜனவரில வாங்குன கார் ரேஸ் சி.டி. கம்ப்யூட்டர்ல ஏறும், ஓடாது. வீடியோ கார்டு பத்தலைனு ஒரு வரி வரும், மூடிக்கும். பிரசவ லீவுல வீட்லதான இருக்கப் போறே, அதுக்குள்ள எதையாவது மாத்திருவோம்னு அப்பப் பேசுனது.

யோசிச்சுச் சொல்றேன்னேன். சரினு போயிட்டார்.

15.3.06 புதன்

கேபினெட்டைத் திறந்தேன். நாலு ஸ்க்ரூ. உள்ள அம்புட்டு தூசி. அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போச்சு.

இருக்கிறது:
போர்டு - மூணு வருசப் பழசு. கிராபிக்ஸ் கார்டு மாட்ட ஏ.ஜி.பி. ஸ்லாட் ஒண்ணு. இதுவரைக்கும் எதுவும் மாட்டுனதில்ல.
ரேம் - 256 எம்.பி. அதுலயும் 64-ஐ படம் காட்டுறதுக்கு போர்டே எடுத்துக்குது.
எஸ்.எம்.பி.எஸ். - கரண்ட் குடுக்குற டப்பா. 250 வாட்னு ஸ்டிக்கர். கையில எடுத்தா கனமே இல்ல.
ஃபேன் - சுத்துது, சத்தத்தோட.

ரேம் மட்டும் போட்டா எல்லாம் கொஞ்சம் வேகமா இருக்கும். ஆனா கேம் தொறக்காது. கார்டு போட்டாத்தான் தொறக்கும். கார்டு போட்டா இந்த டப்பா தாங்குமா?

இதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம். வேற எதையும் நினைக்கல. நல்லா இருந்துச்சுனு சொல்ல முடியாது. ஒண்ணும் இல்லாம இருந்துச்சு.

சாயங்காலம் பூக்காரம்மா வாசல்ல. நிலக்கோட்டை மல்லி, நல்ல வரத்துனு நீட்டுச்சு. வேணாம்னு உள்ள வந்துட்டேன். ஆஸ்பத்திரில பால் கட்டுனப்ப அம்மா படி படியா மல்லி வாங்கி, அரைச்சு நெஞ்சுல வச்சுக் கட்டுச்சு. மூணாம் நாள் வத்திருச்சு. அதுல இருந்து அந்த வாசம் ஆகல.

16.3.06 வியாழன்

அண்ணன் ஒட்டன்சத்திரத்துல இருந்து போன். ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வாரானாம், என்னையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போக. எத்தனை நாளைக்குனு கேட்டேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்"ங்கிறான்.

சே. கடையில இருந்து வந்ததும் லிஸ்டைக் காமிச்சேன். நின்னுக்கிட்டே படிச்சார்.

"எஸ்.எம்.பி.எஸ். கண்டிப்பா மாத்தணும். லைன்ல லோ வோல்டேஜ் வேற. மோட்டாரா இருந்தா காயில் கருகிரும்."

"அப்ப கார்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும். ரேம் பின்னாடி."

"ரேம் இல்லாம இழுக்குமா?"

"படத்தோட குவாலிட்டியக் கம்மி பண்ணி வச்சு ஓட்டலாம்."

அம்மா சட்டியக் கழுவிக்கிட்டே இதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பட்டுனு திரும்பி, "ஏனுங்க மாப்ளே, புள்ளையப் பறிகுடுத்த வூடு. வெளையாட்டுச் சாமான் இப்பக் கேக்குதுங்களா?"

அவர் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வெளிய போயிட்டார்.

அம்மா என்கிட்ட: "ஒரு சொட்டுக் கண்ணீரு வந்துச்சா அவருக்கு? நானும் பாத்துட்டேதான் இருக்கறேன்."

எனக்கும் வரல. அதை அம்மா சொல்லல.

17.3.06 வெள்ளி

தவக்காலம், கவுச்சி இல்ல. கீரைக் கொழம்பு. தொட்டுக்க வெஞ்சனம் வாழைக்காய்.

சிலுவைப் பாதைக்கு அம்மா மட்டும் போச்சு. நான் படுத்திருந்தேன். துணி எடுத்து வச்சிட்டேன் ஊருக்கு. நாலு நைட்டி, ரெண்டு சேலை. இன்னும் வைக்கணுமானு தெரியல.

திரும்பி வரமாட்டேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. வந்து, அப்படியே நின்னுச்சு. பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டி.வி.ல வேற யாருக்கோ நடக்குற மாதிரி.

சே. வந்து, "நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன். பாய் கடைக்குப் போவோமா? நீ வந்தாத்தான் எனக்குத் தெரியும்."

வாரேன்னேன்.

18.3.06 சனி

இன்னைக்கு நடந்ததை அப்படியே எழுதி வச்சிருறேன்.

பத்தரைக்கு வண்டில கிளம்புனோம். "பச்ச ஒடம்புக்காரி"னு அம்மா தெரு முனை வரைக்கும் சத்தம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சே. வண்டிய நிறுத்தி நிறுத்தி ஏத்துனார். பேகம்பூர் போக அரை மணி நேரம்.

காதர் பாய் கடை மாடியில. பதினெட்டுப் படி. உக்காந்து உக்காந்து ஏறுனேன். போன டிசம்பர்ல மவுஸ் வாங்க வந்தப்ப நான் ஏழு மாசம். அப்ப பாய் கீழயே எறங்கி வந்து குடுத்தார்.

"வாங்க தங்கச்சி, வாங்க வாங்க." ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். லிஸ்டைப் படிச்சார்.

"ஏ.ஜி.பி.யா? இதான் கடைசிம்மா. இனிமே எல்லாம் எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டு. அதுக்குப் போறதா இருந்தா போர்டு, ப்ராசசர், ரேம் எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

"எல்லாம் மாத்த வேணாம் பாய்"னு சே. "இருக்கிறதோட பொருந்துறதாக் குடுங்க."

பாய் ரெண்டு கார்டு எடுத்து வச்சார். ரெண்டும் 128. ஒண்ணுல குட்டி ஃபேன், ஒண்ணுல வெறும் அலுமினியத் தகடு. தகடு போட்டது சத்தம் வராது, ஆனா நம்ம ஊரு வெயிலுக்குச் சூடாகிரும்னு சொல்லிக்கிட்டே பாய் என்னைப் பாத்தார். வயித்தைப் பாத்தார். மொகம் மலந்துருச்சு.

"அட, மறந்தே போனேன் பாரு! என்ன கொழந்த தங்கச்சி?"

 என்ன கொழந்தனு எனக்கே தெரியாது.

துடிப்பு கேக்கலைனு டாக்டரம்மா சொன்னது வரைக்கும் ஞாபகம். அப்புறம் மயக்க ஊசி. கண்ணு முழிச்சப்ப ரெண்டாம் நாள், எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கேக்காத, மனசு விட்டுப் போகும்னு அம்மா. நானும் கேக்கல. யாரும் சொல்லல.

சே. கார்டைக் கையில வச்சுக்கிட்டே சொன்னார். "பொண்ணு பாய்."

"மாஷா அல்லா! மகாலச்சுமி! பேரு என்ன வச்சீங்க?"

சே. கார்டை மேசை மேல வச்சார். நேரா வைக்கணும்னு ஒருக்கா நகத்தி வச்சார். "செத்த இருங்க பாய், வண்டிய நெழல்ல போட்டுட்டு வாரேன்"னு எறங்கிட்டார்.

பாய் சிரிச்ச மொகமா என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். சொல்லணும்னு நினைச்சேன். சொல்லல.

"ஃபேன் வச்சதே குடுங்க பாய். 400 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு, நல்ல கனமா. கார்டுக்குத் தனியா கரண்ட் ஒயர் வருதானு பாத்துக் குடுங்க."

அவ்வளவையும் தெளிவாப் பேசியிருக்கேன். டப்பாவைப் பிரிச்சு ஒயரை எண்ணி வேற பாத்தேன்.

கீழ வண்டி நெழல்லயேதான் நின்னுச்சு. சே. சீட்டுல ரெண்டு கையையும் ஊனி, குனிஞ்சு நின்னுக்கிட்டு இருந்தார். பழ வண்டிக்காரர் அவரையே பாத்துக்கிட்டு நின்னார். பின்னாடி போய் நின்னேன். மூக்கை உறிஞ்சிட்டு, "எல்லாம் வாங்கிட்டியா?"னார்.

"வாங்கிட்டேன்."

வீடு வரைக்கும் ஒரே வார்த்தை. பொண்ணு. பொண்ணு. பார்சல் மடியில, நல்ல கனம்.

19.3.06 ஞாயிறு

அண்ணன் ஒம்பதுக்கே வந்துட்டான். அப்ப தரையில சாமானைப் பரப்பி வச்சு நாங்க மாட்டிக்கிட்டு இருந்தோம். சே. பழைய டப்பாவைக் கழட்டிட்டார். கார்டை அமுக்குற தைரியம் அவருக்கு இல்ல, நான் அமுக்குனேன். டக்குனு உக்காந்துச்சு.

"வெளையாடற வயசா இது"னு அண்ணன். அம்மா பையெல்லாம் வாசல்ல வச்சுருச்சு.

ஆன் பண்ணினா ஒரே பீப், விடாம. ஸ்கிரீன் கறுப்பு. சே. மொகம் செத்துப் போச்சு. "கெடுத்துட்டேனா?"

குனிஞ்சு பாத்தேன். கார்டுக்கு வர்ற கரண்ட் ஒயர் மாட்டல. தொங்கிக்கிட்டு இருந்துச்சு. "ஒயரு விட்டுப் போச்சுங்க." அவர் மாட்டுனார். அந்தக் கைய அப்படியே பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் கேட்டேன்.

"நீங்க பாத்தீங்களா?"

எதைனு அவர் கேக்கல.

"முடி நெறைய. ஒன்னைய மாதிரி நெத்தி. கையி இப்பிடி மூடி இருந்துச்சு. வெரலை விரிச்சுப் பாத்தேன், நகமெல்லாம் இருந்துச்சு." அப்புறம், "ஒன்கிட்ட சொல்லக் கூடாதுனு ஒங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க ரோசு. வேற எதையாவது பேசலாம்னா எனக்கு இந்தக் கார்டு, ரேம்தான் வருது."

அழுதார். சத்தமா. தரையில உக்காந்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில வச்சுக்கிட்டே. அம்மா வாசல்ல பையோட நின்னு பாத்துச்சு. அண்ணன் வெளிய போயிட்டான்.

"நீ போம்மா. நான் வரல"னேன்.

"அடியே ஒடம்பு..."

"பாத்துக்கிறேன். அவரும் இருக்காருல்ல."

அம்மா என் பையை மட்டும் உள்ள கொண்டாந்து வச்சுது. "ரசம் வச்சிருக்கறேன், சுட வச்சுக் குடிங்க." சே.கிட்ட போய், "ஏனுங்க, எந்திரிங்க, மூஞ்சியக் கழுவுங்க"னுச்சு. கெளம்பிருச்சு.

சாயங்காலம் கேம் தொறந்துச்சு. குவாலிட்டி கம்மி, கொஞ்சம் திக்குது. ரோட்ல ஈரம் பளபளனு தெரியுது. மூணு ரேஸ் நான், ரெண்டு அவர். ரேம் போட்டா திக்காது. போடணும்.

20.3.06 திங்கள்

காலையில ஏழு மணிக்கே கல்லறைத் தோட்டம். சே. கடைக்கு லேட்டா வாரேன்னு சொல்லிட்டார். ராத்திரி லேசாத் தூறல் விழுந்திருக்கு, மண்ணு நனைஞ்சிருந்துச்சு.

சுவரோரமா, வேப்ப மரத்தைத் தாண்டி ஒரு வரிசை, எல்லாம் சின்னச் சின்னது. கல்லு இல்ல, பேரு இல்ல. நாலாவது நம்மளதுனார். மண்ணு எறங்கிருந்துச்சு.

அழுகை வரும்னு நினைச்சேன். வரல. நின்னேன்.

"தலை எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"நெசமாத் தெரியுமா?"

"நான்தான எறக்கி வச்சேன்."

அந்தப் பக்கமாப் போய் உக்காந்தேன்.