கட்டிக்குள் போட்ட ஊசி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆவடியில் ரயில் பிடித்து ஆஸ்பத்திரி. ஃபாக்டரியில் எனக்கு அரை நாள் லீவு. என் மனைவி லூர்துவுக்கு மெடிக்கல் லீவு, ஐந்தாவது மாதம். இருபது வருடம் கிரேன் ஓட்டியவள். இப்போது குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் இரண்டு முறை நின்று ஏறுகிறாள்.

தொண்டைப் புற்று. கழுத்தில் கட்டி, எலுமிச்சை அளவு. நுரையீரலிலும் ஒரு புள்ளி. வெறும் கீமோவுக்கு மசியவில்லை. இன்று டாக்டரம்மா ஒரு புது ஆராய்ச்சி சிகிச்சை பற்றிச் சொன்னார். செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் ஜீன், லூர்துவின் கட்டியில் பழுது. நல்ல ஜீனை, நோய் தராதபடி மாற்றிய வைரஸில் ஏற்றி, கட்டிக்குள்ளேயே ஊசி. கூடவே கீமோ.

லூர்து கேட்டாள்: "அப்ப வைரஸ்தான் லாரி, ஜீன் லோடு. சரியா எறக்குமா டாக்டர்?"

"அதத்தான் பாக்கப்போறோம்மா. உறுதி சொல்ல முடியாது."

நான் தலை குனிந்துகொண்டேன். அவள் குனியவில்லை. "பொய் சொல்லாம சொன்னீங்களே, அது போதும்." சம்மதப் படிவத்தை வாங்கிப் பையில் வைத்தாள். கையெழுத்து போடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நல்ல வெயில். கேஸ் சிலிண்டர் வந்தது. மூன்று நாளாக அந்தப் படிவத்தையே படிக்கிறாள். தமிழ்தான், ஆனால் வக்கீல் தமிழ். புரியாத இடமெல்லாம் பென்சில் கோடு. இன்று போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டரம்மாவும் சலிக்காமல் முக்கால் மணி நேரம். இரண்டு பேரையும் கும்பிடத் தோன்றியது.

மாலை கையெழுத்து.

ஜூலை 14, திங்கள்

ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டியில் மூன்று இடம். என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"நீங்க நடுங்கிகினு கீறீங்க. ஊசி ஆடிடும்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் காய்ச்சல், குளிர். எதிர்பார்த்ததுதானாம்.

ஜூலை 18, வெள்ளி

கீமோ முடிந்து வீடு. கஞ்சி, மோர், இளநீர் எதுவும் தங்கவில்லை. அவளுடைய கிரேன் பிரிவிலிருந்து மணி வந்தான்.

"இன்னாக்கா, இப்டி எளச்சிட்டே?"

"என் கிரேன யாருடா ஓட்றது?"

"நான்தான்."

"பிரேக்க மெதுவா புடி. சங்கிலி ஆடுனா கீழ நிக்கிறவன் தலை போயிடும்."

வாந்தி வாளியை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள். அவன் போனதும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

புழுக்கம். இரண்டு சுற்று முடிந்து ஸ்கேன். கட்டி பாதிக்கும் கீழே! நுரையீரல் புள்ளி அப்படியே, வளரவில்லை. "நல்ல செய்திதான். ஆனா முழுசா இல்ல," என்றார் டாக்டரம்மா. இன்னும் சுற்றுகள் உண்டு.

வெளியே பெஞ்சில் ஒரு பெண், அயனம்பாக்கமாம். அவளுக்கும் இதே சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். அழுதுகொண்டே கேட்டாள், "சரியாயிடுமாக்கா?"

லூர்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குச் சுருங்கிக்கீது. போவல. உனக்கு எப்டின்னு தெரியாதும்மா. ஊசி வலிக்கும், காய்ச்சல் வரும். அது மட்டும் தெரியும்." பிறகு முந்தானையை விலக்கி, அவள் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். "தொட்டுப் பாரு."

அந்தப் பெண் மெல்லத் தடவிப் பார்த்தாள். அழுகை நின்றது.

இத்தனை மாதத்தில் நான் ஒரு முறைகூட அதைத் தொட்டதில்லை.