கஞ்சி, இரண்டு கரண்டி

இன்று காலை சேரன்மகாதேவிக்குக் கீழே ஆற்றுப் பாறையில் நீர்நாயின் எச்சம் கிடந்தது. ஈரம் காயவில்லை. குனிந்து முகர்ந்தேன். அந்த மீன்வாடையில் உன் நினைப்பு வந்து, கூடவே கோபமும் வந்தது. உயிரோடு இருந்த நாளில் எட்டு மணிக்கு முன்னால் நீ ஒருநாளும் ஆற்றுக்கு வந்ததில்லை; இப்போது மட்டும் விடிந்ததும் வந்துவிடுகிறாய்.

நீர்நாய் என்னதான் தின்கிறது என்று அறிய, ஆராய்ச்சிக்காக நாம் இருவரும் இந்தக் கரையில் அலைந்தோம். எச்சத்தைப் பொறுக்கி, தேயிலை வடிகட்டியில் அலசி, மிஞ்சும் செதிலையும் முள்ளையும் வைத்து மீனைக் கண்டுபிடிப்போம். வலை வீச வந்தவர் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"மீனையெல்லாம் அது தின்னுட்டுப் போவுது. நீங்க அது பீயைப் பொறுக்கிக்கிட்டு இருக்கியளே."

"என்ன தின்னேன்னு கேட்டா அது சொல்ல மாட்டேங்குல்லா அண்ணாச்சி," என்றாய்.

பிறகு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுத்தாய். பகலில் நான் துணைக்கு இருந்தேன். பழக்கதோஷம், ஆற்றுக்குக் கொண்டுபோகும் குறிப்பேட்டிலேயே எழுதத் தொடங்கினேன். காலை, கஞ்சி இரண்டு கரண்டி. மதியம், மோர் அரை டம்ளர், மீதி வைத்துவிட்டாள். அதை நீ பிடுங்கிப் படித்தாய்.

"ஏட்டி, என்னையும் நீர்நாய் ஆக்கிட்டியோ?"

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கரண்டி ஒன்றாகி, ஒன்று உதட்டை நனைப்பதாகிக்கொண்டிருந்தது. இரையை இப்படிக் குறைத்துக்கொண்டே வரும் உயிர் பிழைக்காது என்பது நம் இருவருக்கும் தெரியும். உன் அம்மா வாசலில் என்னை நிறுத்தி, "இன்னைக்குக் கொஞ்சம் கூடக் குடிச்சாளாம்மா?" என்று கேட்பார். குடித்தாள் என்று பொய் சொல்வேன். தெரிந்து என்ன பயன், என்னால் ஒரு வாய் கூட்ட முடியவில்லையே.

கடைசி வாரம் நீ வாயை இறுக மூடிக்கொண்டாய். நான் விடவில்லை. கரண்டி பல்லில் இடித்தது.

"வலிக்கு ஏட்டி. விட்ரு."

அன்றைய பக்கத்தில் அதை எழுதவில்லை.

போன மாதம் என் அப்பா தட்டில் இரண்டு இட்லியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். ஏன் என்று கேட்டுக்கொண்டு கைகழுவும் இடம் வரை பின்னாலேயே போனேன். "பசிக்கல பிள்ள," என்றார். வெறும் பசியின்மைதான், மறுநாள் நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் அன்று அந்தத் தட்டை எடுத்துக் கழுவ எனக்குக் கை வரவில்லை. இன்னொரு வாய் சாப்பிடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.