மாமாவின் சூப்பைக் குப்பையில் கொட்டிய மருமகளுக்கு

மருமகளே,

எரிகிற அடுப்பின்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

நேற்று ராத்திரி, "மாமா, இது சூப்பா, சிமெண்டா?" என்று கேட்டுவிட்டு, உன் பங்கைப் பாத்திரத்தோடு குப்பைக்கூடையில் கவிழ்த்தாயே! மூன்று நாளாக மிஞ்சிய சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுக் காய்ச்சியது அது. காசை வீணாக்காதவனுக்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதை!

பக்கத்து வீட்டு டெய்லர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோத்தார். கரண்டியை நக்கிய கிழட்டுப் பூனை ஒரே தாவலில் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. என் பங்கை நான் சொட்டு விடாமல் குடித்தேன். உன் நாக்குக்கு மட்டும்தான் ஆகவில்லை.

கோபமாகத்தான் வெளியே போகிறேன். சாவி மீட்டர் பெட்டிமேல் இருக்கிறது. மத்தியானச் சோறு மிச்சமிருக்கிறது. அதையும் கொட்டினால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்.

மாமா

சொல்ல மறந்தேன்: சிங்க்கில் தண்ணீர் விடாதே, அடைத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். கூலி நான் கொடுத்துக்கொள்கிறேன், நீ அவரிடம் ஒன்றும் விசாரிக்காதே.

சரி, அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: குழாயில் அடைத்திருப்பது என் பங்கு சூப்.