தட்டில் முளைத்தவை

நேற்று என் கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்த நர்ஸ், பேண்டேஜ் துணிப் பொட்டலத்தைக் கிழித்தாள். ஆவியில் வெந்து உலர்ந்த பருத்தியின் வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ராஜபாளையத்து பேண்டேஜ் ஆலையில், துணியை வேகவைக்கும் ஆட்டோகிளேவின் கதவைத் திறந்துவிட்டு, வெள்ளை ஆவிக்குள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நீ நின்றுகொண்டிருந்தாய். நீ இறந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அப்படித்தான் தெரிகிறாய்.

எண்பதுகளின் கடைசி அது. சிநேகிதிகளான நாம் இருவரும் அங்கே வேலை பார்த்தோம். நீ துணியை ஆவியில் வேகவைப்பாய். அதில் கிருமி மிச்சமிருக்கிறதா என்று அடுத்த அறையில் நான் சோதிப்பேன். உனக்கு எட்டாம் வகுப்பு, எனக்கு பி.எஸ்ஸி. அந்தப் பட்டத்தை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதாகக் கேலி செய்வாய். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ஒரே சீட்டில் வருவோம். மலைமேல் மேகம் இறங்கிக் கிடக்கும். நீ வாய்க்குள் கீர்த்தனை முனகுவாய், நான் உன் தோளில் தூங்கிப்போவேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனை முடிந்ததும் அதன் துணிகளைத் துவைப்பது உன் வேலை. யாரும் கொடுத்ததல்ல, நீயாக எடுத்துக்கொண்டது.

நம் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்தின் திராட்சரசத்தைச் சபை முழுவதும் ஒரே பாத்திரத்தில் குடிக்கும். ஒருவர் குடித்ததும் போதகர் ஐயர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு நீட்டுவார். ஒரு ஞாயிறு, நீ துவைக்க எடுக்குமுன் அந்தத் துணியை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் தடவி வைத்தேன். இரண்டே நாளில் தட்டு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்துவிட்டன. நான் பெரிய ஆளாகிவிட்டதுபோல் இருந்தது.

அதைக் கொண்டுபோய், ஒரே துணியால் எல்லோருக்கும் துடைப்பது தப்பு என்று சபைக் கமிட்டிக்காரர்களிடம் காட்டினேன். அதில் ஒருவர், இது தையற்காரருக்கு வந்த நோய்தானே என்று கேட்டார். தையற்காரர் தாவீது அண்ணனுக்குக் காசநோய் வந்து, மருந்தை ஒருநாள் விடாமல் சாப்பிட்டுக் குணமாகியிருந்தது. ஆனாலும் எல்லோரும் குடித்த பிறகே அவர் வந்து மண்டியிடுவார். காசநோய்க் கிருமி அந்தத் தட்டில் வளரவே வளராது. அதற்கு வேறு உணவு வேண்டும், வாரக்கணக்கில் நாள் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய மனிதர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுகத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

பேச்சு சபை முழுக்கப் பரவியது. அடுத்த மாதத் திருவிருந்துக்குத் தாவீது அண்ணன் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த மாதம் கோயிலுக்கே வரவில்லை.

நீ சோதனை அறைக்கு வந்து தட்டைக் கேட்டாய். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விசுவாசம் இருந்தால் கிருமி ஒன்றும் செய்யாது என்பாய், உன்னை மடக்கலாம் என்று காத்திருந்தேன். நீயோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எம்புட்டு அழகா இருக்கு என்றாய். பிறகுதான் கேட்டாய்.

"ஏட்டி, இதுல ஒன் வாயும் இருக்குல்லா?"

"இருக்கு."

"என் வாயும்?"

"ம்."

"பொறவு அவரு மட்டும் ஏன் வீட்ல உக்காந்திருக்காரு?"

நீ தட்டை மூடி என் கையில் வைத்தாய்.

"தெரிஞ்சத முழுசாச் சொல்லு. பாதியில நிறுத்துனா அது பொய்யி."

அந்த ஞாயிறு, அறிவிப்புகள் முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். தட்டில் இருந்தது என் வாயும் சேர்த்து நம் எல்லோருடைய வாயும்தான், தாவீது அண்ணனுடைய நோய் அதில் இல்லை, அது தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். கூசிப்போனேன். துணி விஷயத்தில் நான் சொன்னது சரி என்று அதற்குள் நீயே ஐயரிடம் பேசி வைத்திருந்தாய். ஒரே துணிக்குப் பதிலாக, ஆளுக்கொரு சின்னத் துணி நறுக்கி, ஆவியில் வைத்துக் கொண்டுவந்தாய். தாவீது அண்ணன் வீட்டுக்கும் போனாய். அங்கே என்ன பேசினாய் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு அவர் வந்தார். நம் இருவரைத் தவிர எல்லோரும் முடித்தபின், பீடத்தின் முன் தனியாக மண்டியிட்டார். நீ என்னை எழுப்பி, அவருக்கு அடுத்து என்னையும் எனக்கு அடுத்து உன்னையுமாக மண்டியிட வைத்தாய். ஜன்னல் கண்ணாடி வழியே தரையெல்லாம் நீலமாக வெயில் விழுந்திருந்தது. பாத்திரம் அவர் உதட்டிலிருந்து என்னிடம் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று நான் படித்த படிப்பு சொன்னது. கைதான் அதை நம்பவில்லை, பாத்திரத்தை வாங்க நீளவில்லை. நீ என் முதுகில் கை வைத்தாய். வாங்கிக் குடித்தேன். அறிவுக்கும் விசுவாசத்துக்கும் சண்டை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று இரண்டும் ஒரே பக்கம் நின்றன. எதிரே நின்றது என் பயம் மட்டும்தான்.

தாவீது அண்ணன் போனார். தொண்ணூறுகளின் பாதியில் நீயும் போனாய். இன்றும் திருவிருந்து நாளில் யார் பக்கத்தில் ஆட்கள் ஒதுங்கி இடம் காலியாக இருக்கிறதோ அங்கே போய் மண்டியிடுகிறேன். இந்த வயதிலும் பயம் போகவில்லை. முதுகில் உன் கை இல்லாமலே வாங்கிக் குடிக்கிறேன்.