பின்சீட்டுக்குக் கீழே ரெண்டு துளை

குஷாய்குடா, ஹைதராபாத்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மருமகள் தாரிணிக்கு,

மெல்போர்னில் நீயும் ஃபெலிக்ஸ் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் ஆதர்ஷும் சுகம்தானே? இங்கே உன் ஜலஜா அத்தை சுகம், நான் அவளைவிடச் சுகம். போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பேனா பிடித்திருக்கிறேன்.

சேதி இதுதான். உன்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோன அறுபத்தேழாம் வருஷத்து ஃபியட் மறுபடி ஓடுகிறது! உயிர் கொடுத்தது உன் மாமன். போன மாசம் நெக்லஸ் ரோட்டில் பழைய வண்டிகள் அணிவகுத்தபோது நம்ம வண்டியைப் பார்க்க ஐயாயிரம் பேர் கூடிவிட்டார்கள். ஐம்பது என்கிறாள் அத்தை, அவளுக்கு எண்ணத் தெரியாது. கோப்பையில் மூன்றாம் பரிசு என்று இருக்கிறது. முதல் ரெண்டும் நிஜாம் காலத்து வண்டிகள், அதுகளோடு நமக்கென்ன போட்டி? நம்ம ரகத்தில் நாம்தான் முதல்.

நீ ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கு உன் அப்பா தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி அது. நாலு வருஷம் அத்தான் அதைத் தொடவில்லை, உன் பெயரையும் எடுக்கவில்லை. காஞ்சன்பாக் வீட்டு வாசலில் பெருச்சாளி ஒயரைத் தின்று குடும்பம் நடத்தியது. போன வருஷம் நான்தான், ஆறே மாசத்தில் புதுசாக்கித் தருகிறேன் என்று கயிறு கட்டி இழுத்து வந்தேன்.

நானும் மெக்கானிக் கௌஸ் பாயும் ஒரே வாரத்தில் கடைசி நட்டுவரை கழற்றினோம். எது எங்கே என்று எழுதிவைக்கலாம் என்றார் பாய். "நக்கோ பாய், வேணாம், எல்லாம் இங்கே இருக்கு" என்று மண்டையைத் தட்டிக் காட்டினேன். மண்டைக்குள்ளேதான் இருந்தது, வெளியே வரத்தான் மாட்டேன் என்றது. கதவுத் திருகு எது, டிக்கித் திருகு எது என்று தெரியாமல் ஏழு பக்கெட் இரும்போடு உட்கார்ந்திருந்தேன்.

உஷா அக்கா, அதான் உன் அம்மா, விஷயத்தை அத்தானிடம் சொல்லிவிட்டாள். ஏவுகணைச் சாமானைச் சரிபார்த்த மனுசன் இல்லையா, பக்கெட்டைப் பார்த்ததும், "ஜகதீசா, உன்னை எங்க லேப் வாட்ச்மேனாகக்கூட விட்டிருக்க மாட்டேன்" என்றார். மறுநாளிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வந்தார். ஒவ்வொரு திருகுக்கும் நூல் கட்டிச் சீட்டு எழுதினார். ஆக, அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர நான் போட்ட திட்டம் அது என்றே ஊரில் சொல்லிவருகிறேன்.

செலவைக் கேட்காதே, புதுக்காரே ரெண்டு வாங்கியிருக்கலாம். அத்தானுக்கு எல்லாம் அசலாக வேண்டும். ஹாரன் பட்டன் ஒரு வருஷம் பிந்திய மாடல் என்று புனேவுக்கே திருப்பி அனுப்பினார். அந்த அசலுக்காகத்தான் பஞ்சாரா ஹில்ஸ்காரர் ஒருவர் செலவைப்போல ஒன்றரை மடங்கு தருகிறேன் என்று வந்தார். அத்தான் யோசிக்கிறேன் என்றார். எனக்குப் பகீர் என்றது.

போன செவ்வாய்க்கிழமை அத்தான் டிரில்லை வாங்கி, பின்சீட்டுக்குக் கீழே, கீறல் இல்லாத அசல் தகட்டில், ரெண்டு துளை போட்டார். "நக்கோ சாப், மதிப்பே போயிடும்" என்று கௌஸ் பாய் கையைப் பிடித்தார். கேட்கவில்லை. துளையில் ரெண்டு கொக்கி மாட்டினார். குழந்தை சீட்டைக் கட்டுகிற கொக்கி. ரெண்டு வயசுப் பையனுக்கு எந்த சீட் சரியாக இருக்கும் என்று அமீர்பேட் கடையில் அவரே போய் விசாரித்திருக்கிறார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. என் ஆயுசில் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்கு ஒருநாள்தான்.

பஞ்சாரா ஹில்ஸ்காரர் துளையைப் பார்த்தார், போயே போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறீர்களாமே. டிக்கெட்டை ஹைதராபாத் வழியாகப் போடு, கண்ணு. ஏர்போர்ட்டில் டாக்ஸி பிடிக்காதே, வண்டி வரும். ஓட்டி வருவது நான் இல்லை, சாவியை எனக்குத் தருவதில்லை. அவர் அதிகம் பேசமாட்டார், நீயும் எதிர்பார்க்காதே. கதவை மட்டும் மாப்பிள்ளையை மெதுவாகச் சாத்தச் சொல். அதற்குத்தான் திட்டுவார், திட்டட்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கணும். அந்த சீட்டை மட்டும் ரொம்ப நாள் காலியாக வைக்காதே.

உன் கல்யாணத்தில் சீர் செய்யக் கொடுத்துவைக்காத
தாய்மாமன்,
ஜகதீசன்.