மூன்று முறை ஊதிய சங்கு

அன்பு ஹலினா,

இந்த வாரம் முழுக்க உன் அம்மா எனக்குக் கதவைத் திறக்கவில்லை. யாராவது உன்னிடம் கதை கட்டுவதற்குள் நானே எழுதுகிறேன்.

நம் காகித ஆலையை அருங்காட்சியகமாகத் திறந்த விழாவுக்கு முப்பதாயிரம் பேர் வந்தார்கள். முந்நூறு என்று யாராவது சொன்னால் நம்பாதே. மேயரே என் தோளைத் தட்டி, "பழைய சங்க ஊத உங்கள விட்டா யாருய்யா இருக்கா?" என்றார்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் கைதட்டியதும் தலை கிறுகிறுத்து, நீளமாக மூன்று தடவை ஆலைச் சங்கின் கயிற்றை இழுத்துவிட்டேன். ஆலைக்குள் ஆள் செத்தால்தான் மூன்று சங்கு என்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் விசிலடித்தார்கள்.

ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். "எவன்டா ஊதுனது? குடிச்சிருக்கியா?" என்று பேக்கரிக்கார வாண்டா கத்தினாள்.

"உன் ரொட்டி தீயுது, போ" என்று நானும் சிரித்தேன்.

அவளுக்குப் பின்னால் அண்ணி, உன் அம்மா, வந்தார். காலில் செருப்பில்லை, கையெல்லாம் மாவு. உன் அப்பாவுக்காக மூன்று சங்கு ஊதிய அன்று நின்ற அதே ஆலை கேட்டில் நின்று, "யாரு தம்பி?" என்று கேட்டார்.

நான் கூட்டத்துக்குள் நழுவிவிட்டேன். கடைசி ஆள் வெளியே வரும்வரை அவர் நகரவில்லை.

நீ அம்மாவிடம் போனில் பேசும்போது, அவர் அன்று கேட்டதற்கு, யாருமில்லை என்று சொல்லம்மா.

முகம் காட்ட முடியாத
உன் சித்தப்பா